நாலு விதை வித்தியாசம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு வைகாசி மாதம், திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்கான சர்க்கார் பண்ணை ஒன்றில் நான் ஒரு கணக்குப் போட்டேன். அரைமணி நேரத்தில் முடிந்த கணக்கு. அதன் பலனாகப் பதினான்கு பெண்களுக்கு வேலை போயிற்று. அவர்களில் ஒருத்தி என் அம்மா.

அப்போது நான் சென்னையில் தாவரவியல் ஆனர்ஸ் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு பண்ணையில் ஆறு வாரம் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது கல்லூரி விதி. உடன் படித்தவர்கள் தூரத்துப் பண்ணைகளுக்குப் போனார்கள். எனக்கு வீட்டில் கேப்பைக் கூழ் குடித்துவிட்டு நடந்து போகும் தூரத்தில் ஒரு பண்ணை இருந்தது. அதே பண்ணைக்குத்தான் அம்மா பதினோரு வருஷமாக விதை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் முன்வாசல் வழியாக ஆபீசுக்குள் போவேன். அவள் பின்பக்கம் கொட்டகைக்குப் போவாள். மேனேஜருக்கு நாங்கள் இருவரும் ஒரே வீட்டிலிருந்து வருகிறவர்கள் என்பது தெரியாது. நானாகச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

விதை உடைப்பது என்றால் இதுதான். ஆனியில் மழை தொடங்கினால் மல்லாட்டை விதைக்க வேண்டும். காயாகவே விதைக்க முடியாது. ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்துத்தான் விதைக்க வேண்டும். பருப்பின் சிவப்புத் தோல் கீறினாலும் முனை உடைந்தாலும் அது முளைக்காது. ஆகவே கையால்தான் உடைப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் காயின் மூக்கை வைத்து அழுத்தினால் ஓடு பிளக்கும். ஒரு மரக்கால் காய் உடைப்பதற்குள் கட்டைவிரல் நகம் கன்றிவிடும். அதற்குப் பிறகு கெட்டியான காய்களை வாயில் வைத்து, கடைவாய்ப் பல்லால் ஓட்டை மட்டும் நசுக்கி, பருப்பைக் கையில் எடுப்பார்கள். எங்கள் சேரியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். பருப்பின் மேல் பல் படாது. எச்சில் படும்.

அந்த எச்சில்தான் மேனேஜரின் கவலை. அவர் கெட்டவர் அல்ல. காலை ஏழு மணிக்கு வயலில் இருப்பார், வேலைக்காரர்களை அதட்டிப் பேச மாட்டார். ஆனால் பெண்கள் வாயில் வைத்து உடைப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, அந்த விதை முளைக்காது என்று முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டிய பிறகு சோதனை செய்தார். விரலால் உடைத்த விதை ஒரு தட்டில், வாயால் உடைத்த விதை ஒரு தட்டில். பத்து நாள் கழித்து குமாஸ்தா எண்ணி, பதிவேட்டில் ஏற்றினார். விரல்: நூற்றுக்கு எண்பத்து நான்கு. வாய்: நூற்றுக்கு அறுபத்தெட்டு.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இனிமேல் எந்தச் சோதனை முடிவையும் புள்ளியியல் முறைப்படி சோதித்துப் பார்த்து, வித்தியாசம் ‘சிக்னிஃபிகன்ட்’தானா என்று குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். பண்ணையில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவர் யாரும் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதெல்லாம் உங்க காலேஜ்ல சொல்லித் தராங்களாமே?”

“தராங்க சார்.”

“அப்போ இதுக்கு அந்த வார்த்தை வருதான்னு பாரு. வரும். நீ பாத்துட்டு மட்டும் சொல்லு.”

எங்கள் துறையில் சோதனை அட்டவணைகள் அடங்கிய புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதிலிருந்து இரண்டு அட்டவணைகளை நான் என் நோட்டில் கையால் படியெடுத்து வைத்திருந்தேன். ஒன்று டி சோதனைக்கு. மற்றொன்று, ‘கை’ என்ற கிரேக்க எழுத்தின் பெயர்கொண்ட கை ஸ்கொயர் சோதனைக்கு. எதை எப்போது எடுப்பது என்பதற்கு எங்கள் விரிவுரையாளர் சொன்ன விதி எளியது. உயரம், எடை போல அளந்து பெற்ற எண்ணாக இருந்தால் டி. முளைத்தது, முளைக்காதது என்று எண்ணிப் பெற்றதாக இருந்தால் கை ஸ்கொயர். இரண்டு குவியல்களுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் எத்தனை முளைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, நம் கையிலுள்ள எண்ணிக்கை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. இப்படி இரண்டு குவியல்கள், இரண்டு விதமான பலன் என்றால், மூன்று புள்ளி எட்டு நான்கைத் தாண்டினால் அந்த விலகல் வெறும் தற்செயல் என்று சொல்வது கடினம். அதைத்தான் சிக்னிஃபிகன்ட் என்பார்கள்.

பதிவேட்டைப் பார்த்தபோது எனக்கு ஒரு சிறு தயக்கம் வந்தது. நூற்றுக்கு எண்பத்து நான்கு என்பது எண்ணியதா, அளந்ததா? அது இரண்டும் அல்லவே என்று மனதில் பட்டது. ஆனால் மேனேஜர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பண்ணையில் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னதும் அன்றுதான். விதைகளை எண்ணித்தானே இது வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கை ஸ்கொயரை எடுத்தேன். எண்பத்து நான்கு முளைத்தது, பதினாறு முளைக்காதது. அறுபத்தெட்டு முளைத்தது, முப்பத்திரண்டு முளைக்காதது. லாகரிதம் அட்டவணையை வைத்துப் பெருக்கி வகுத்தேன். விடை ஏழுக்குச் சற்று மேல் வந்தது.

“வருதா?” என்றார் மேனேஜர்.

“வருது சார்.”

“நான் சொல்லலை?”

என் கணக்குத் தாளைக் குமாஸ்தா நகல் எடுத்து, அடியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். நான்காம் நாள் கொட்டகைக் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. முறையற்ற வகையில் உடைக்கப்படும் விதைகள் முளைப்புத்திறனை இழக்கின்றன என்று விஞ்ஞான ரீதியாக உறுதியாகியிருப்பதால், இந்தப் பருவம் முதல் விதைக்காய்கள் திண்டிவனத்து எண்ணெய் மில்லின் இயந்திரத்தில் உடைக்கப்படும். வாயை விட்டுவிட்டு விரலால் மட்டும் அத்தனை காயையும் உடைத்து முடிக்க முடியாது என்பது மேனேஜருக்கும் தெரியும். ‘வாய்’ என்ற சொல் நோட்டீசில் இல்லை. ‘எச்சில்’ என்ற சொல்லும் இல்லை. ‘விஞ்ஞான ரீதியாக’ என்பது இருந்தது. அது நான்.

ஆனி உடைப்பு என்பது எங்கள் தெருவுக்கு மூன்று வாரத்துச் சாப்பாடு. அந்த மூன்று வாரம் இல்லாவிட்டால் நடவு தொடங்கும்வரை வேறு வேலை இல்லை. அம்மா அதையெல்லாம் சொல்லவில்லை. சாயங்காலம் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு கேட்டாள்:

“நோட்டீஸ்ல இன்னா எழுதியிருக்குன்னு குமாஸ்தா படிச்சாரு. யாரோ காலேஜ் புள்ள கணக்குப் போட்டுச் சொல்லிச்சாம். உனக்கு யாருன்னு தெரியுமா?”

“நான்தாம்மா.”

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கொட்டகைக்குப் போகிறவள்தான். எங்கள் தெருவிலேயே நாக்கு நீளம் என்று பெயர் எடுத்தவள்.

“நல்லாப் படிக்க வெச்சக்கா. ஒன் பல்லப் புடுங்கினு வரத்தான் மெட்ராசுக்குப் போனானா?”

“கணக்கு அப்படி வந்துச்சு அத்தை. நான் இன்னா பண்றது? எண்பத்து நாலு எங்க, அறுபத்தெட்டு எங்க?”

“இன்னாது எண்பத்து நாலு?”

“விதைதான். நூறு விதைல எண்பத்து நாலு முளைச்சிது.”

“ஏது நூறு விதை?” என்றாள் அம்மா, திரும்பாமலே. “தட்டுல விதைய ஊன்னது நான். தட்டுக்கு அஞ்சு வரிசை. வரிசைக்கு அஞ்சு. அதுக்கு மேல அந்தத் தட்டுல எடம் ஏது?”

இருபத்தைந்து.

நான் எழுந்து நோட்டை எடுத்துவந்து, அடுப்பு வெளிச்சத்திலேயே போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தில் இருபத்தொன்று. இருபத்தைந்தில் பதினேழு. நூற்றுக்கு என்று மாற்றினால் எண்பத்து நான்கும் அறுபத்தெட்டும் சரியாக வருகிறது. பதிவேட்டில் ‘நூற்றுக்கு’ என்ற ஒரு பத்திதான் உண்டு. எத்தனை விதை என்பதற்குப் பத்தியே கிடையாது. ஆகவே குமாஸ்தா எண்ணியதை மாற்றி எழுதிவிட்டார். நான் மாற்றி எழுதியதையே எண்ணியதாக எடுத்துக்கொண்டேன். இல்லாத எழுபத்தைந்து விதைகளை ஒவ்வொரு தட்டிலும் நானே நட்டு, நானே முளைக்க வைத்திருக்கிறேன்.

உண்மையான எண்களை வைத்துப் போட்டபோது விடை ஒன்றே முக்கால். மூன்று புள்ளி எட்டு நான்கில் பாதிகூட இல்லை. அந்த அளவு வித்தியாசம், ஒரே குவியலிலிருந்து இரண்டு தட்டு நட்டாலும் வரக்கூடியதுதான். பதினான்கு பேரின் வேலை நாலு விதை வித்தியாசத்தில் போயிருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “அப்ப போய்ச் சொல்லு” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“எண்பத்து நாலு பெருசா, அறுபத்தெட்டு பெருசா?”

“எண்பத்து நாலு, சார்.”

“அப்புறம் என்ன?”

“நூத்துக்குன்னு எழுதினதால நூறு விதை ஆயிடாது சார். இருக்கறது நாலு விதை வித்தியாசம். வாய்த் தட்டுல எறும்பு நாலு விதையைத் தூக்கிக்கினு போயிருந்தாகூட இந்தக் கணக்கு வந்துடும்.”

“எறும்பு ஏன் வாய்த் தட்டுக்கு மட்டும் போவுது? எச்சில் பட்டதாலதானே?” அவருக்கே அந்த வாதம் பிடித்துப்போயிற்று; சிரித்தார். “இதப் பாரு தம்பி. ரிப்போர்ட் போயாச்சு. நீ கையெழுத்துப் போட்டிருக்கே. இப்போ தப்புன்னு சொன்னா உனக்குத்தான் கேவலம். உன் சர்ட்டிபிகேட்டுல நான் என்ன எழுதறது?”

“தப்புக் கணக்குப் போட்டான்னு எழுதுங்க சார். அது உண்மை. ஆனா நோட்டீசை எடுங்க.”

“எடுக்க முடியாது.”

“அப்போ இன்னொரு தரம் நட்டுப் பாக்கலாம். நூறு நூறு விதையா.”

“பண்ணை விதையை நீ விளையாட எடுத்துத் தர முடியாது. போய் வேலையைப் பாரு.”

பண்ணை விதை கிடைக்கவில்லை. ஆனால் மல்லாட்டை எங்கள் தெருவிலும் இருந்தது. அறுவடையானதும் செடியைப் பிடுங்கிய வயலில் மண்ணுக்குள் தங்கிவிடும் காய்களைப் பொறுக்கிக்கொள்ள எங்கள் ஆட்களை விடுவது வழக்கம். பங்குனி வெயிலில் ஆணி போன்ற இரும்புக் குச்சியால் கிளறிக் கிளறி எடுத்த காய் ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் கொஞ்சம் கிடந்தது. அத்தைதான் வீடு வீடாகப் போய்ப் படி, அரைப் படி என்று வாங்கிவந்தாள். “ஒம் மவன் நம்ம வாய்ல மண்ணப் போட்டான், இப்ப வாய்க்கிருக்கறதையும் மண்ணுல போடச் சொல்றான்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பாயில் கொட்டினாள்.

எல்லா வீட்டுக் காயையும் ஒன்றாகக் கலந்தேன். பிறகு எந்தக் காயை விரலால் உடைப்பது, எதை வாயால் உடைப்பது என்று பிரிக்க வேண்டும். அத்தை உட்கார்ந்து பெரிய காயாகப் பொறுக்கி ஒரு பக்கம் வைக்க ஆரம்பித்தாள்.

“இன்னா அத்தை பண்ற?”

“நல்ல காயா வாய்க்கு எடுக்கறேன். நோஞ்சானையெல்லாம் வெரலுக்குப் போடு.”

“அப்படிப் பண்ணா கணக்கு செல்லாது.”

“செயிக்கறதுக்குத்தானே கணக்கு?”

“அவங்க அப்படித்தான் நினைச்சாங்க. நானும் அவங்களுக்குச் செயிச்சுக் குடுத்தேன். பாத்தியா, எங்க வந்து நிக்குது?”

அத்தை காய்களைத் திரும்பக் குவியலில் தள்ளினாள். ஆனால் யார் பிரித்தாலும் கை தானாக நல்லதை ஒரு பக்கம் தேடும், என் கையும்தான். எங்கள் பெண்கள் தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்தேன். ஒரு காயை எடுப்பது, கொட்டையை வீசுவது. வெள்ளை விழுந்தால் வாய், கறுப்பு விழுந்தால் விரல். ஒரு பக்கம் நூறு சேர்ந்ததும் மிச்சம் மறுபக்கத்துக்கு. ஒவ்வொரு காயிலும் ஒரு பருப்புதான் நட எடுக்க வேண்டும், ஒரே காயின் இரண்டு பருப்பும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளக்கூடும் என்றேன். மற்றப் பருப்பு என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள். தின்னலாம் என்றேன். உன் விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்கிற மாதிரி பார்த்தாள்.

உடைப்பதிலும் ஒரு விதி வைத்தேன். ஒருத்தி விரலுக்கு, ஒருத்தி வாய்க்கு என்று இருக்கக் கூடாது. உடைக்கும் கைக்குக் கை வித்தியாசம் இருக்கும். ஆகவே ஒவ்வொருத்தியும் இரண்டு விதமாகவும் சரிபாதி உடைக்க வேண்டும். அத்தை வாயிலிருந்து ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

“இது மொளைக்காதாம். இவன் கொழந்தையா இருக்கச்சே இவங்கம்மா சோத்த மென்னு மென்னு ஊட்டினா. இவன் மொளைக்கல?”

“அதான் எனக்கும் சந்தேகமா கீது” என்றாள் அம்மா.

வீட்டுக்குப் பின்னால் மணல் கொட்டி, நான்கு பாத்தி கட்டி, இரண்டு விரலுக்கும் இரண்டு வாய்க்குமாக மாற்றி மாற்றி நானே நட்டேன். கோழி வராமல் முள் அடைத்தோம். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் அடையாளம் வைக்காமல் என் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன், தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு எது எது என்று தெரியக் கூடாது என்பதற்காக. பத்தாம் நாள் எண்ணினோம். நான் எண்ணினேன், பிறகு அம்மா எண்ணினாள், எண் ஒத்துப்போன பிறகு எழுதினேன். விரல் எண்பத்தொன்று. வாய் எழுபத்தொன்பது. இந்த முறை நூற்றுக்கு என்றால் நூறுதான். கை ஸ்கொயர் கச்சிதமாக அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்குதான் வந்தது.

அத்தை எதிர்பார்த்தது வேறு. வாய் தோற்றதா ஜெயித்ததா என்று கேட்டாள். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக இந்தச் சோதனையில் தெரியவில்லை என்றேன்.

“வித்தியாசமே இல்லன்னு எழுது.”

“அப்படி எழுத முடியாது. தெரியலைன்னுதான் எழுத முடியும். இன்னும் நிறைய விதை நட்டா சின்னதா ஏதாச்சும் தெரியலாம்.”

“பேஜாருபுடிச்ச கணக்குடா இது. அவங்க பக்கம்னா ஒடனே ஆமாங்குது. நம்ம பக்கம்னா இழுக்குது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தவறு கணக்கில் இல்லை, அவர்களுக்கு நான் உடனே ஆமாம் சொன்னதில்தான் இருந்தது.

மேனேஜர் அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. பண்ணைகளுக்கெல்லாம் மேலதிகாரியான ஒருவர் அந்த வாரம் விழுப்புரத்துப் பயணியர் விடுதியில் முகாம் போட்டிருப்பதாகக் குமாஸ்தா பேச்சுவாக்கில் சொன்னார். பயிற்சி மாணவன் மேலதிகாரியை நேரே பார்க்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். மறுநாள் காலைப் பாசஞ்சரில் விழுப்புரம் போனேன். பட்டாளத்து ஆட்களால் வண்டி நிரம்பியிருந்தது. மயிலம் தாண்டும்வரை ஒற்றைக்காலில் நின்றேன்.

விடுதியில் பத்து மணி முதல் இரண்டு மணிவரை வேப்பமரத்தடியில் உட்கார்த்தி வைத்தார்கள். பியூன் மூன்று முறை வந்து, ஐயா சாப்பிடுகிறார், ஐயா ஓய்வெடுக்கிறார், நீ நாளைக்கு வா என்றான். நாளைக்கும் வருவேன், இன்றைக்கும் இருப்பேன் என்றேன். கடைசியில் உள்ளே விட்டார்கள். மேலதிகாரி ஐம்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் இரண்டு தாள்களையும் படித்தார். அவருக்குக் கணக்குப் புரிந்தது. முதல் தாளில் ‘நூற்றுக்கு’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றதைப் பார்த்தேன்.

“இது யார் போட்டது?”

“நான்தான் சார்.”

“அது?”

“அதுவும் நான்தான்.”

“அந்தப் பொம்பளைங்க உனக்கு என்ன வேணும்? இவ்வளவு தூரம் வந்திருக்கே.”

“அதுல ஒருத்தங்க எங்க அம்மா சார்.”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “அப்போ ரெண்டாவது கணக்கை நான் எப்படி நம்பறது?”

“முதல் கணக்கைப் போட்டப்பவும் அவங்க எங்க அம்மாதான் சார். அதை நம்பித்தானே நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க.”

வெளியே ரயில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“முதல் கணக்குல பிழை இருக்குன்னும் அந்தப் பிழை உன்னுதுன்னும் எழுதிக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

எழுதினேன். எத்தனை விதைகள் நடப்பட்டன என்று கேட்காமல் கணக்கிட்டது என் பிழை. அடுத்த வரியில், எனக்குத் தரப்பட்ட பதிவேட்டில் விதைகளின் எண்ணிக்கை குறிக்கப்படவில்லை என்று எழுதினேன்.

“ரெண்டாவது வரி வேண்டாம். அடிச்சிடு.”

“அடிக்க மாட்டேன் சார்.”

“மேனேஜருக்குச் சங்கடம். நீ அவருகிட்டத்தான் சர்ட்டிபிகேட் வாங்கணும், தெரியுமா?”

“தெரியும் சார். முதல் வரி உண்மைன்னா ரெண்டாவது வரியும் உண்மை. ரெண்டும் இருக்கட்டும். இல்லேன்னா ரெண்டையும் நானே எடுத்துக்கிட்டுப் போறேன்.”

அவர் அந்தத் தாளை அப்படியே மடித்து ஃபைலில் வைத்தார். அந்த வரியை அவர் பிற்பாடு அடித்தாரா, விட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் உத்தரவு வந்தது. இந்தப் பருவத்து விதைக்காய்களை வழக்கம்போல் உடைத்துக்கொள்ளலாம். இரண்டு வகை விதையிலும் இருநூறு இருநூறாக நட்டுப் பண்ணையே மறுபடி சோதிக்க வேண்டும். இனிப் பதிவேட்டில் நட்ட விதைகளின் எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி போட வேண்டும். கொட்டகைக் கதவிலிருந்த நோட்டீசை யாரும் எடுக்கவில்லை. உடைப்புக்குப் போன முதல் நாள் காலை அத்தை அதைக் கிழித்து, காய்த் தூசி துடைக்க வைத்துக்கொண்டாள். மேனேஜர் பார்த்துக்கொண்டே வயல் பக்கம் போனார். அன்று வந்தவர்கள் பதினான்கு பேர்.

என் சான்றிதழில் ‘ஆறு வாரம் வந்திருந்தார்’ என்று மட்டும் எழுதியிருந்தது. என் வகுப்பில் மற்ற எல்லோருடையதிலும் திருப்திகரம் என்றோ நன்று என்றோ ஒரு சொல் இருந்தது. துறைத்தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். “வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்” என்றார். எந்த வாயைச் சொல்கிறார் என்று கேட்டேன். அந்த வருஷம் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு அவர் பரிந்துரைத்தவர்களின் பட்டியலில் நான் இல்லை. பட்டப்படிப்புக்குப் பின் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தச் சேர்ந்தேன், அங்கேயே தங்கிவிட்டேன். முப்பது வருஷம் நிருபர்களின் செய்திகளில் ‘நூற்றுக்கு இத்தனை’ என்று எங்கே கண்டாலும் ஓரத்தில் ‘எத்தனையில்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதனால் அங்கேயும் எனக்கு நல்ல பெயர் கிடையாது. இழந்ததாக நினைக்கவில்லை. அந்த இரண்டாவது வரியை இன்று எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

பண்ணை செய்த மறுசோதனையின் முடிவை எனக்கு யாரும் அனுப்பவில்லை. ஆனால் அதற்கும் விதை ஊன்றியது அம்மாதான். ஆடி மாதம் ஹாஸ்டலுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எங்கள் தெரு வேதக்கோயில் உபதேசியார் எழுதிக்கொடுத்தது. அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருந்தார். அவள் முளைத்ததை எண்ணவில்லை, முளைக்காமல் காலியாகக் கிடந்த இடத்தைத்தான் எண்ணியிருந்தாள். வயலில் மறுநடவுக்கு அப்படித்தான் எண்ணுவார்கள். இருநூறில் வெரலுக்கு முப்பத்தேழு மொளைக்கல, வாய்க்கு நாப்பத்திரண்டு மொளைக்கல, எச்சிலுக்கு அஞ்சு கூடத்தான் போச்சு, உன் கணக்கு இன்னா சொல்லுது என்று கேட்டிருந்தாள்.

அன்றே போட்டேன். அரைக்கும் கீழே. வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் இல்லையென்று இன்னும் சொல்ல முடியாது, வேலை போகாமல் இருக்கிறதா என்று பதில் எழுதினேன்.

ஒரு வாரத்தில் இன்னொரு கார்டு வந்தது. உபதேசியாரின் கையெழுத்தில், அம்மாவின் பேச்சில், இரண்டே வரி.

“நீ அங்க கணக்குப் போட்டுக்கினு இரு. நாங்க இங்க ஒடைச்சிக்கினு கீறோம்.”